அளந்து பார்க்கச் சொன்னதற்கு ஏன் இவ்வளவு கோபம்?

இது நீளமான பதிவு. காபி கையில் இருந்தால் வைத்துக்கொண்டு படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு கீழே வந்து சண்டை போடாதீர்கள்.

இரண்டு வாரம் முன்பு இங்கே நான்கே வரி எழுதினேன். பள்ளிகளில் நடக்கும் மருத்துவ முகாமில் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும், முதலில் பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் அங்கன்வாடிகளில் தொடங்க வேண்டும் என்று. அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்களைப் படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

"சித்தி, இருக்கிற பயம் போதாதா, புதுசா ஒண்ணு கிளப்பணுமா?" என்றது ஒரு பிள்ளை. "டீச்சர், இப்பதான் இந்தப் பக்கம் ஃபிளாட் வாங்கியிருக்கேன், இப்படி எழுதினா விலை என்ன ஆகும்?" என்றான் ஒரு மாணவன். "தண்ணி டெஸ்ட் பண்ணியாச்சு, காத்து டெஸ்ட் பண்ணியாச்சு, எல்லாம் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு" என்றார் விவரம் தெரிந்த ஒருவர். "கண்டுபிடிச்சு என்ன செய்யப் போறோம், மருந்தா இருக்கு?" என்றாள் நர்ஸாக இருக்கும் என் மாணவி. கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. மற்றவற்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் வார்த்தையைச் சரிசெய்துகொள்வோம். நம் மொழியில் ஈயம் என்றால் இரண்டு. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோமே, பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பு இருக்கிறதே, அது வெள்ளீயம். கலப்படம் இல்லாதவரை அதனால் பயமில்லை. நான் பேசுவது காரீயத்தைப் பற்றி. லத்தீனில் பிளம்பம். குழாய் வேலை செய்பவரை பிளம்பர் என்கிறோமே, அந்தச் சொல்லே அதிலிருந்து வந்ததுதான், வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பென்சிலில் இருப்பது கிராஃபைட், அது வெறும் கரி. இனி கீழே ஈயம் என்று எழுதுவதெல்லாம் காரீயமே.

காரீயம் உடம்புக்கு எந்த வேலையும் செய்வதில்லை. இரும்பு வேண்டும், சுண்ணாம்புச் சத்து வேண்டும், துத்தநாகம் கூட வேண்டும். ஈயம் ஒரு துளியும் வேண்டாம். ஆனால் உடம்பு ஏமாந்துபோகும். குடலில் இரும்பும் கால்சியமும் போகும் வழியிலேயே ஈயமும் உள்ளே நுழைந்துவிடும். இரும்புச் சத்து குறைந்த பிள்ளையின் குடல் இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் உடம்பில் சேரும். சிறு பிள்ளைகளுக்கு அது பாதி வரை போகும். ஒரே தூசு, ஒரே வீடு, ஆனால் அப்பாவுக்கு ஒரு கணக்கு, தவழும் பிள்ளைக்கு வேறு கணக்கு.

இப்போது "தண்ணீரும் காற்றும் சரியாக இருக்கிறது" என்ற வாதத்துக்கு வருகிறேன். காற்றை அளக்கும் கருவி மாடியில் இருக்கிறது. பிள்ளை தரையில் இருக்கிறது. கை வாய்க்குப் போகிறது. அப்பா கொட்டகையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுகிறார், அம்மா அதை உதறித் துவைக்கிறாள். பழைய ஜன்னல் கிரில்லில் பெயின்ட் உரிகிறது. நம் நாட்டில் வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பெயின்ட் இன்னும் நம் கதவுகளில் இருக்கிறது. கண்ணுக்கு இடும் சுர்மா, சில மஞ்சள் தூள், கண்ட இடத்தில் வாங்கும் பற்பம் என்று இன்னும் வழிகள் உண்டு. இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து, ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கிவிடலாம். கூட்டுத்தொகை எங்கே சேருகிறது? பிள்ளையின் ரத்தத்தில். கூட்டிப் பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்காமல், தனித்தனி வரிகளைக் காட்டி கணக்கு சரி என்று சொல்லும் பிள்ளைக்கு நான் என்றைக்காவது மார்க் போட்டிருக்கிறேனா?

இது என் சொந்த யோசனை இல்லை. அமெரிக்காவில் 1976 முதல் 1980 வரை நாடு முழுக்க மக்களின் ரத்தத்தை எடுத்து அளந்தார்கள். அந்த நான்கு ஆண்டுகளில் பெட்ரோலில் கலக்கும் ஈயம் குறைந்துகொண்டே வந்தது. ரத்தத்தில் இருந்த ஈயமும் அதோடு சேர்ந்து சராசரியாக சுமார் 37 சதவீதம் இறங்கியது. இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. பெட்ரோல் விதியைத் தளர்த்தலாமா என்று 1982இல் யோசித்துக்கொண்டிருந்த அரசு, 1985இல் அதை இன்னும் கடுமையாக்கியது. அந்த விவாதத்தைத் திருப்பியதில் இந்த ரத்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் நாட்டுக்கு வாருங்கள். 1990களின் கடைசியில் பெங்களூரைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபவுண்டேஷன் சென்னை உட்படப் பெரிய நகரங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. 2000இல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அப்பாடா என்று எல்லோரும் மறந்துவிட்டோம்.

ஆனால் மறக்காத சிலர் நமக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். காட்டுப்பாக்கத்திலிருந்து பஸ் ஏறினால் சில நிறுத்தம் தள்ளி, போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா. அங்கிருக்கும் கல்பனா பாலகிருஷ்ணன் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்களும், அனன்யா ராய், ஹோவர்ட் ஹூ போன்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தவர்களும் சேர்ந்து சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். 2009இல் வெளியானது. பெட்ரோலில் ஈயம் நின்று பல ஆண்டுகள் கழித்து எடுத்த ரத்தம் அது. சராசரி எவ்வளவு தெரியுமா? 11.4 மைக்ரோகிராம். அதிகபட்சம் இல்லை, சராசரி.

அந்த ஆய்வில் என்னை உலுக்கியது வேறொன்று. பிள்ளைகளின் நடத்தையை மதிப்பிட்டது டாக்டர்கள் இல்லை. வகுப்பு ஆசிரியர்கள். கவனம் நிற்கிறதா, பதற்றப்படுகிறானா, மற்ற பிள்ளைகளோடு சேருகிறானா என்று கேள்வித்தாளில் டீச்சர்கள் குறித்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் ஈயம் கூடக் கூட, கவனக்குறைவும் பதற்றமும் பழகுவதில் சிக்கலும் கூடின. நாம் ஆண்டு முழுக்க "அடங்காதவன்", "மந்தம்", "கவனமே இல்லை" என்று ரிப்போர்ட் கார்டில் எழுதுகிறோமே, அதில் ஒரு பங்கு ரசாயனம்.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தான். பெயர் சொல்ல மாட்டேன். அவனோடு படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும், நீங்களும் கீழே எழுத வேண்டாம்.

அம்பத்தூர் பக்கம் நான் வேலை பார்த்த காலம். ஒன்பதாம் வகுப்பு. ஓரிடத்தில் உட்கார மாட்டான். முந்தின நாள் சொன்னது மறுநாள் நினைவிருக்காது. நான் அவனைப் பல நாள் வாசலில் நிற்க வைத்திருக்கிறேன். அவன் அப்பா வீட்டுக்குப் பின்னால் பழைய பேட்டரிகளை உடைத்து, தகட்டை இரும்புச் சட்டியில் உருக்கிக் கட்டியாக விற்பவர். எனக்கு அது தெரியும். தெரிந்ததோடு விடவில்லை. மின்கலம் பாடம் நடத்தும்போது, "உங்க வீட்ல இருந்து ஒரு ஈயத் தகடு கொண்டு வாடா" என்று அவனிடமே கேட்டேன். தினத்தாளில் சுற்றிக் கொண்டுவந்தான். அன்றைக்கு ஒருநாள்தான் அவன் முகத்தில் பெருமையைப் பார்த்தேன். தகடு பெஞ்ச் பெஞ்சாகப் போனது. அடுத்த மணி சாப்பாட்டு மணி. யாரையும் கை கழுவச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. வேதியியல் டீச்சர்!

அவன் பத்தாவது எழுதவில்லை. அவனுக்கு ஈயத்தால்தான் அப்படி ஆனது என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமை இல்லை. வறுமை இருந்தது, வீட்டில் குடி இருந்தது, என்னைப் போன்ற டீச்சரும் இருந்தாள். ஆனால் ஈயம் காரணமில்லை என்று சொல்லவும் யாருக்கும் உரிமை இல்லை. ஏனென்றால் அன்றைக்கு யாரும் அளக்கவில்லை. இன்றைக்கு அவனைத் தேடிப் பிடித்து ரத்தம் எடுத்தாலும் அந்த வயதில் எவ்வளவு இருந்தது என்று தெரியாது. ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஒரு மாதத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். ஒரு பகுதி வெளியே போகும், ஒரு பகுதி எலும்பில் போய் பத்து, இருபது ஆண்டுகள் உட்கார்ந்திருக்கும். மூளையில் செய்த வேலை மட்டும் அப்படியே நிற்கும். ரத்தம் மறந்துவிடும் சாட்சி. நேரத்தில் கேட்டால் உண்மை சொல்லும். தாமதமாகக் கேட்டால் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்றுதான் சொல்லும். அதை விடுதலைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை நினைத்துப் பாருங்கள். 2001இல் மூடினார்கள். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உடன்படிக்கை வந்தது 2016இல். பதினைந்து ஆண்டுகள். பாதரசமும் இப்படித்தான், ரத்தத்திலும் சிறுநீரிலும் சில மாதங்களில் இறங்கிவிடும். ஆண்டுகள் கழித்து எடுக்கும் சோதனையில் இயல்பு என்று வந்தால் அது பழைய காலத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. அதனால்தான் சொல்கிறேன், அளப்பதைத் தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான். அது யாருக்கு வசதியான முடிவு என்பதையும் யோசியுங்கள்.

"பிள்ளைகள் நன்றாகத்தானே ஓடி ஆடுகிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம், ஓடுவார்கள். வயிற்று வலி, வலிப்பு எல்லாம் மிக அதிக அளவில்தான் வரும். 5, 10 என்ற அளவில் வெளியே ஒன்றும் தெரியாது. ஐந்து வயதுப் பிள்ளையின் உடம்பில் ஏறக்குறைய ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் ரத்தம் இருக்கும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்றால் மொத்த ரத்தத்திலும் சேர்த்து சுமார் 70 மைக்ரோகிராம். ஒரு சர்க்கரைத் துகளின் எடையில் சிறு பங்கு. கண்ணால் பார்த்தோ கையைப் பிடித்தோ கண்டுபிடிக்க முடியாது. எந்தத் தாய்க்கும் முடியாது, எந்த டாக்டருக்கும் முடியாது.

எவ்வளவு இருந்தால் பரவாயில்லை? அமெரிக்காவில் 1960களில் 60 வரை பரவாயில்லை என்றார்கள். பிறகு 40, 30, 25. 1991இல் 10. 2012இல் 5. 2021இல் 3.5. ஒவ்வொரு முறையும் அளந்தார்கள், ஒவ்வொரு முறையும் அதற்குக் கீழேயும் பாதிப்பு இருந்தது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. 5 அல்லது அதற்கு மேல் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்று அது சொல்கிறது. சென்னையின் சராசரி 11.4 என்பதை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள்.

இனி என் நர்ஸ் மாணவியின் கேள்வி. கண்டுபிடித்து என்ன செய்வது? ஒப்புக்கொள்கிறேன், இழந்ததைத் திருப்பித் தரும் மருந்து இல்லை. ஈயத்தை வெளியேற்றும் மருந்தை பிள்ளைகளுக்கு 45க்கு மேல் போனால் ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுப்பார்கள். அதற்குக் கீழே அதனால் பெரிய பயன் இல்லை. ஆனால் பரிசோதனை சிகிச்சைக்காக மட்டுமா? ஒரு தெருவில் இருபது பிள்ளைகளுக்கு அளந்தால் அந்த இருபது எண்களும் சேர்ந்து ஒரு வரைபடம். எந்த வீட்டில் அதிகம், எந்த மூலையில் அதிகம் என்று தெரிந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியும். அடுத்து பிறக்கும் பிள்ளை தப்பும்.

வங்கதேசத்தைப் பாருங்கள். ஆலையே இல்லாத கிராமங்களில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. எங்கிருந்து என்று யாருக்கும் புரியவில்லை. ஒவ்வொன்றாகத் தேடி, ஈயத்தின் ஐசோடோப்பை ஒப்பிட்டுப் பார்த்தபோது மாட்டியது மஞ்சள் தூள். நிறம் தூக்கலாகத் தெரிய லெட் குரோமேட் கலந்திருந்தார்கள். 2019இல் விஷயம் வெளியே வந்ததும் அரசு வியாபாரிகளை எச்சரித்து, அபராதம் போட்டு, சந்தைகளில் சோதனை செய்தது. 2019இல் மஞ்சள் மாதிரிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில் ஈயம் இருந்தது. 2021இல் பூஜ்யம். காற்றையும் தண்ணீரையும் மட்டும் சோதித்துக்கொண்டிருந்தால் இன்னும் நூறு ஆண்டுகள் அந்தப் பெண்கள் அதே மஞ்சளைச் சாப்பிட்டிருப்பார்கள். மருந்து இல்லாத நோய்க்குத்தான் அம்மா, தடுப்பு அதிகம் வேண்டும்.

ஃபிளாட் வாங்கிய மாணவனுக்கு ஒரு வார்த்தை. உன் கவலை எனக்குப் புரிகிறது, கடனை வாங்கித்தான் வாங்கியிருப்பாய். ஆனால் கொட்டகைப் பக்கத்துப் பிள்ளையின் ரத்தத்தை அளந்தால் உன் வீட்டு விலை விழும் என்றால், இப்போது அந்த விலையைத் தாங்கிப் பிடித்திருப்பது என்ன? அந்தப் பிள்ளையைப் பற்றி யாருக்கும் தெரியாது என்பதுதானே?

இன்னொன்றும் சொல்கிறேன், வசதியுள்ளவர்கள் கேளுங்கள். என் பதிவைப் படித்துவிட்டு மூன்று பேர் தங்கள் பிள்ளைகளுக்கு "ஹெவி மெட்டல் பேக்கேஜ்" புக் செய்திருக்கிறீர்கள். ஒருத்தி முடியை வெட்டி அனுப்பியிருக்கிறாள். முடி சோதனையை வைத்து ஈயத்துக்கு முடிவு சொல்ல முடியாது, வெளியிலிருந்து ஒட்டிய தூசும் அதில் சேரும். காலில் ஒட்டும் டீடாக்ஸ் பட்டை வெறும் வியாபாரம். முறையான வழி ரத்தம். விரல் நுனியில் குத்தி எடுத்தால் முதலில் கையை சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் தோலில் இருக்கும் தூசே ரத்தத்தின் கணக்கில் ஏறிவிடும். அதிகமாக வந்தால் ஈயம் கலவாத குழாயில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். பணம் உள்ளவர் பிள்ளைக்கு ஒரு பேக்கேஜ், இல்லாதவர் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று இது போகக் கூடாது என்பதற்காகத்தான் நான் பள்ளி முகாமைச் சொன்னேன்.

அந்த முகாமில் இப்போது என்ன பார்க்கிறார்கள்? மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் 30 வகைக் குறைபாடுகள் பட்டியலில் இருக்கின்றன. ரத்தசோகை இருக்கிறது. கற்றல் குறைபாடு இருக்கிறது. கவனக்குறைவு இருக்கிறது. இவை எல்லாவற்றையும் கூட்டக்கூடிய ஈயம் அந்தப் பட்டியலில் இல்லை. உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு 5க்கு மேல் இருக்கலாம், இந்தியாவில் மட்டும் சுமார் 27 கோடி பிள்ளைகள் என்று 2020இல் யுனிசெஃப் மதிப்பிட்டது. மதிப்பீடு! 27 கோடிப் பிள்ளைகளை நாம் ஊகத்தில் வைத்திருக்கிறோம்.

கடைசியாக நம் எல்லோர் வீட்டுக் கணக்கு. கரண்ட் கட் காலத்தில் எல்லோரும் இன்வெர்ட்டர் வாங்கினோம். அதன் பேட்டரி மூன்று நான்கு ஆண்டில் செத்துவிடும். உள்ளே கிலோ கணக்கில் ஈயம். புது பேட்டரி வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்தால் குறைவாகக் கழிக்கிறான் என்று, தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் முந்நூறு ரூபாய் அதிகத்துக்குப் போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன், இரண்டு முறை. அது எந்தக் கொட்டகைக்குப் போனது, எந்தச் சட்டியில் உருகியது, எந்தப் பிள்ளை பக்கத்தில் விளையாடியது என்று நான் கேட்டதில்லை. 2022 பேட்டரி கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. கடையில் திருப்பிக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். முந்நூறு ரூபாய் போகட்டும்.

கொட்டகையில் வேலை செய்பவர்களைத் திட்டாதீர்கள். அவர்கள் நம் குப்பையில் பிழைக்கிறார்கள். அந்த வேலையில் இருக்கும் என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால்: வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் போகாதே. குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கு. அந்தத் துணியைத் தனியாகத் துவை. வீட்டைப் பெருக்காதே, ஈரத்துணியால் துடை. பிள்ளைக்கு முருங்கைக்கீரையும் கேழ்வரகும் கொடு, பள்ளியில் தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தூக்கிப் போட விடாதே. வெறும் வயிற்றில் ஈயம் இன்னும் வேகமாக ஏறும், சாப்பிடாமல் அனுப்பாதே.

நான் ஒரு மனு எழுதியிருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒன்று, மாவட்ட நிர்வாகத்துக்கு ஒன்று. கேட்பது மூன்றுதான். பேட்டரி, பழைய இரும்புக் கொட்டகைகளுக்குப் பக்கத்து அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு ரத்த ஈயப் பரிசோதனை. ஒவ்வொரு எண்ணையும் தாயின் கையில் தமிழில் விளக்கத்தோடு கொடுப்பது. எங்கே எண் ஏறுகிறதோ அங்கே மண்ணையும் தூசையும் சோதித்து மூலத்தை நிறுத்துவது. என் மாணவர்களில் லேப் டெக்னீஷியன்கள் இருக்கிறீர்கள், நர்ஸ்கள் இருக்கிறீர்கள், வக்கீல் இரண்டு பேர், பஞ்சாயத்து அரசியலில் ஒருவன். மனுவில் கையெழுத்துப் போட வருகிற ஞாயிறு காலை வீட்டுக்கு வாருங்கள். காபி தருகிறேன். சண்டை போடுகிறவர்களும் வரலாம், நேரில் போடுங்கள்.

வாசலில் நிற்க வைத்த அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழி தெரியவில்லை. அவன் பேரப் பிள்ளைகள் வயதில் இப்போது அங்கன்வாடியில் இருப்பவர்களுக்காவது அளந்து வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர்
காட்டுப்பாக்கம்